ஆறெழுத்துக்கு 11 கேள்விக்குறி

பூம்பாறையில் பூண்டு வியாபாரம் செய்யும் மாமாவுக்கு பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் இணையதளம் எழுதிக் கொடுத்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுதான் சரக்கு. பக்கத்தைத் திறந்தால் விலை சரியாக இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். "என்ன மாப்பிள்ளை, விற்பது பூண்டுதானா என்று நீயே கேட்கிறாயா?" என்றார் மாமா.

எண்ணிப் பார்த்தேன்: 11. 'மலைப்பூண்டு' நம் கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறியாக எண்ணும் யூனிகோடு என்ற எழுத்துத் தரத்துக்கு 11. ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி. அப்படியானால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் தமிழைப் பத்திரமாகத்தான் வைத்திருக்க வேண்டும். எடுத்துத் தரும் இணைப்புதான் தமிழ் எழுத்தே இல்லாத பழைய லத்தீன்1 குறியாக்கத்தில் நின்றுவிட்டது. இணைப்பு வரிக்குக் கீழே செட்_சார்செட் கட்டளையில் யூடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோடு குறியாக்கத்தைக் கொடுத்தேன். பூண்டு வந்துவிட்டது. பழைய இணைப்பில் படிவம் வழியே மாமா சேமித்திருந்தவை மட்டும், லத்தீன்1 என்று தவறாகப் பதிவாகியிருந்ததால், குழறிப்போயின. அவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்தேன்.