கோடை முடிவில் பறவை பார்ப்பவர்களுக்கு: காலியான கம்பியையும் குறித்துவையுங்கள்

வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளில் ஆகஸ்ட் பிறந்ததும் தோப்பு சத்தமடங்கிப் போகும். பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன என்று நினைக்க வேண்டாம். குஞ்சு வளர்க்கும் வேலை முடிந்ததால் பாட்டு நின்றிருக்கிறது. இறகு உதிரும் காலம் என்பதால் பலவும் இலைமறைவில் ஒதுங்கியிருக்கின்றன. காதை நம்பிப் பழகியவர்கள் இந்த மாதம் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானல் அலையும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலரிலும் உருவம் நெளியும். 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

முதலில் வயதைப் பிரிக்கப் பழகுங்கள். இளம் சிட்டுக்குருவிக்கு அலகின் ஓரத்தில் மஞ்சள் சதை ஒட்டியிருக்கும். சிறகைப் படபடவென்று உதறித் தீனி கேட்கும். காக்கைக் குஞ்சு தாயளவு வளர்ந்திருந்தாலும் வாய்க்குள் சிவப்பு மாறியிருக்காது. பறக்கும்போது இரு சிறகிலும் ஒரே இடத்தில் இடைவெளி தெரிந்தால் பெரும்பாலும் இறகு உதிர்வு; ஒரு பக்கம் மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம். வாத்துகளுக்குப் பறக்கும் இறகுகள் மொத்தமாக விழுந்துவிடும், மூன்று நான்கு வாரம் எழும்பவே முடியாது. அருகில் போய் விரட்டாதீர்கள். மல்லார்டு என்னும் வாத்தினத்தின் ஆணும் இப்போது பெட்டை நிறத்தில்தான் இருக்கும். அலகைப் பாருங்கள்: ஒரே சீரான மஞ்சள் என்றால் ஆண், ஆரஞ்சில் கருந்திட்டு என்றால் பெட்டை.

நீர் வற்றிச் சேறு தெரியும் கரையில் உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் இறங்கும். முதலில் வருபவை பெரும்பாலும் முதிர்ந்தவை, இறகு தேய்ந்து கந்தலாக இருக்கும். சில வாரம் கழித்து இந்த ஆண்டுக் குஞ்சுகள் வரும். ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய கரை கட்டியதுபோல் அத்தனை சுத்தம்.

வலசைப் பறவைகள் வந்த நாளைக் குறிப்பது சுலபம், போன நாள்தான் சிக்கல். கடைசியாகப் பார்க்கும்போது அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்? தகைவிலான்கள் (ஸ்வாலோ) கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் கம்பி காலி. அதனால் வாரம் மூன்று நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் 10 நிமிடம் நின்று, தேர்ந்தெடுத்த பத்து இனங்களை எண்ணிக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். இல்லாத இனத்துக்கு 0 போடுங்கள். கட்டத்தை வெறுமனே விட்டால், பறவை வரவில்லையா, எண்ண மறந்தீர்களா என்று பிற்பாடு உங்களுக்கே புரியாது.

அதே பக்கத்தில் ஒரு மரத்தையும் சேருங்கள்: ஒரே கிளை, முதல் பழம் நிறம் மாறிய தேதி, முதல் இலை மஞ்சளித்த தேதி. அதோடு மழை பெய்த நாட்களும் இருக்கட்டும். வறட்சியிலும் இலை முன்கூட்டியே மஞ்சளிக்கும், அதை இலையுதிர்காலம் என்று எழுதிவிடுவார்கள்.