சர்வர் பழகும்போது தவிர்க்க வேண்டியவை, முக்கியமாக அந்த 8.8.8.8

பாஸ்வேர்டைப் பலமாக வையுங்கள், அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உட்கார்ந்துகொண்டு இணையம் பார்க்காதீர்கள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். புதிதாகச் சர்வர் வேலைக்கு வருகிறவர்களோடு உட்காரும்போது, நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலானவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்றை மட்டும் அப்படி விட முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8

விண்டோஸ் சர்வரை நிறுவி, ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகத்தின் பயனர்களையும் கணினிகளையும் டொமைன் என்ற ஒரே குழுவாக நிர்வகிக்கும் சேவை) போட்டு, அதை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலர் தயார். அடுத்து கிளையன்ட் கணினிகளுக்கு, அதாவது ஊழியர்களின் கணினிகளுக்கு, டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) சர்வரின் முகவரியைத் தர வேண்டும். முதல் கட்டத்தில் டொமைன் கண்ட்ரோலரின் முகவரியைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கீழே இன்னொரு கட்டம் காலியாக இருக்கிறது. அதைக் காலியாக விட யாருக்கும் மனம் வருவதில்லை. சர்வர் விழுந்தாலும் இணையமாவது வரட்டுமே என்று அங்கே கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐப் போட்டுவிடுகிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது கட்டம் அவர்கள் நினைப்பதுபோல் வேலை செய்வதில்லை.

விண்டோஸ் 2000 தொடங்கி, டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் தன் டொமைன் கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை டிஎன்எஸ்ஸிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அதற்கென்றே எஸ்ஆர்வி என்ற வகைப் பதிவுகள் உண்டு. எல்டாப் (டைரக்டரியில் விவரம் தேடும் முறை) சேவை தருவது யார், கெர்பரோஸ் (லாகின் செய்பவரைச் சரிபார்க்கும் முறை) சேவை தருவது யார், எந்த போர்ட்டில் என்பதை அவை சொல்லும். உள் டொமைனுக்கான இந்தப் பதிவுகள் உங்கள் டிஎன்எஸ் சர்வரில்தான் இருக்கும். கூகுளின் 8.8.8.8-க்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிடும். கணினியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு முழுமையான பதில். பதில் வந்துவிட்டதால் இன்னொரு சர்வரிடம் கேட்டுப் பார்க்காது. இல்லாத பெயர் என்று கொஞ்ச நேரத்துக்குக் குறித்தும் வைத்துக்கொள்ளும்.

சரி, முதல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதிடம் ஏன் போக வேண்டும்? முதல் சர்வரிடமிருந்து சுமார் ஒரு நொடியில் பதில் வராவிட்டால் விண்டோஸ் அடுத்ததிடம் கேட்டுவிடும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போதும், அப்டேட் முடிந்து சர்வர் மறுபடி எழும்போதும் ஒரு நொடி தாமதம் சாதாரணம். அதன் பிறகு முதல் சர்வர் சரியாகிவிட்டாலும் கணினி உடனே அதனிடம் திரும்பாது. பதில் தந்த சர்வரையே சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் இந்தக் கோளாறு எப்போதும் வராது, எல்லோருக்கும் வராது. ஒருவருக்கு லாகின் ஆக ஐந்து நிமிடம் ஆகிறது. இன்னொருவருக்கு உடனே லாகின் ஆகிறது, ஆனால் நெட்வொர்க் டிரைவும் பிரிண்டரும் காணோம். லாகின்தான் ஆகிறதே, அப்படியென்றால் சர்வருடன் தொடர்பு இருக்கிறது என்று பழகுபவர் முடிவு கட்டிவிடுகிறார். அது தப்பு. ஒரு விண்டோஸ் கணினி, கடைசியாக அதில் நுழைந்த பத்துப் பேர் வரையிலான விவரத்தைத் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். டொமைன் கண்ட்ரோலர் கண்ணில் படாவிட்டால் அதை வைத்தே உள்ளே விட்டுவிடும். சர்வரிலிருந்து வர வேண்டிய அமைப்பு விதிகளான குரூப் பாலிசி மட்டும் வந்து சேராது.

ஓர் அலுவலகத்தில் இது முழுதாக அரங்கேறியதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கேபிள்மேல் சந்தேகம், மாற்றினார்கள். பிறகு ஸ்விட்ச்மேல், புதிது வாங்கினார்கள். பிறகு கணினிகளை ஒவ்வொன்றாக டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்த்தார்கள். சேர்த்த அன்று எல்லாம் நன்றாக ஓடியது, ஓடத்தான் செய்யும். மறுபடி கோளாறு தலைகாட்டியதும், சர்வரே கெட்டுவிட்டது என்று ஃபார்மட் செய்து, அதே பெயரில் புதிய டொமைனை உருவாக்கிவிட்டார்கள்.

செலவு அங்கேதான் தொடங்கியது. விண்டோஸ் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, எஸ்ஐடி என்ற எண்ணால் காண்கிறது. டொமைனைப் புதிதாக உருவாக்கினால், பெயர் அதேதான் என்றாலும் எல்லோருடைய எஸ்ஐடியும் மாறிவிடும். எல்லோரும் லாகின் செய்தார்கள், எல்லோருக்கும் டெஸ்க்டாப் வெறுமையாக வந்தது. பழைய கோப்புகள் டிஸ்கில் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றின் அனுமதிப் பட்டியலில் ஆள் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்கள். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு கோளாறு போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. கணினிகளுக்குத் தானாக முகவரிகளை வழங்கும் டிஎச்சிபியில் 8.8.8.8 அப்படியே இருந்தது.

நடுவில் யாருமே டிஎன்எஸ்ஸைச் சோதிக்கவில்லையா என்றால், சோதித்தார்கள். டிஎன்எஸ்ஸிடம் ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்அப் கட்டளையை ஓட்டினார்கள், சரியான பதில் வந்தது. டிஎன்எஸ்மேல் தப்பில்லை என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். என்எஸ்லுக்அப் விண்டோஸின் டிஎன்எஸ் கிளையன்ட் வழியாகப் போவதில்லை. தானே நேராகப் பட்டியலில் முதலில் உள்ள சர்வரைக் கேட்கும். லாகின் நேரத்தில் கணினி யாரிடம் கேட்டது என்பதை அது காட்டவே காட்டாது. நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சொல்லோடு (ipconfig /all) ஓட்டி, டிஎன்எஸ் வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். முப்பது நொடி வேலை.

சரியான அமைப்பு இதுதான்: டொமைனில் உள்ள கணினிகளுக்கு டொமைனை அறிந்த டிஎன்எஸ் சர்வர்களை மட்டும் கொடுங்கள். கிளையன்ட்டுக்கும் இது பொருந்தும், மற்ற சர்வர்களுக்கும் பொருந்தும், டொமைன் கண்ட்ரோலருக்கேகூடப் பொருந்தும். வெளியுலகப் பெயர்களுக்கு 8.8.8.8 வேண்டுமென்றால், டிஎன்எஸ் சர்வரின் அமைப்பில் ஃபார்வர்டராக அதைச் சேருங்கள். உள்ளூர்ப் பெயர்களுக்குத் தானே பதில் சொல்லிவிட்டு, மற்றவற்றை மட்டும் அது வெளியே அனுப்பும். ஒரு சர்வர் விழுந்துவிடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்து இரண்டாவது டொமைன் கண்ட்ரோலர். அதன் முகவரி வந்தால்தான் அந்த இரண்டாவது கட்டத்துக்கு அர்த்தம்.

லினக்ஸ் பக்கம் வந்தாலும் தப்பிக்க முடியாது. அங்கேயும் இல்லை என்ற பதில் வந்துவிட்டால் வழக்கமாக அடுத்த நேம்சர்வரிடம் கேட்பதில்லை. முதல் சர்வர் பேசாமல் இருந்தால் இயல்பாக 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

வீட்டுப்பாடமாக ஒன்று செய்யுங்கள். சோதனை விஎம்மில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) வேண்டுமென்றே 8.8.8.8 மட்டும் போட்டு டொமைனில் சேர முயலுங்கள். வரும் பிழைச்செய்தியைப் பொறுமையாக முழுதும் படியுங்கள், விவரங்கள் என்ற பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். எந்த எஸ்ஆர்வி பதிவைத் தேடிக் கிடைக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

சிஎச்மாட் 777

வெப்சைட் ஒரு கோப்பைப் படிக்க மறுக்கிறது. எங்கோ பார்த்த வரியை வைத்து, லினக்ஸில் கோப்பு அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுத்ததும் வேலை செய்கிறது. உடனே அடுத்த ஃபோல்டருக்கும் அதே வைத்தியம். ஹோம் ஃபோல்டருக்கு 777 கொடுத்துப் பாருங்கள், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யாமல் போகும். அடுத்தவர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை நம்பக் கூடாது என்பது அதன் இயல்பான விதி. இன்னும் துணிச்சலாக மொத்த டிஸ்குக்கும் கொடுத்துவிட்டால், ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) அனுமதியோடு கட்டளை ஓட்ட உதவும் சூடோவே போய்விடும். சூடோ இயங்கத் தேவையான செட்யூஐடி பிட்டை (ஒரு நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட வைக்கும் குறி) 777 அழித்துவிடுகிறது. சரிசெய்ய ரூட் அனுமதி வேண்டும், ரூட் ஆக சூடோ வேண்டும். அப்புறம் மீட்பு முறையில் பூட் செய்ய வேண்டியதுதான்.

கோப்பின் உரிமையாளர் யார், வெப் சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியது உரிமையாளரைத்தான்.

பிரிட்ஜ்டு விஎம்மில் டிஎச்சிபி

வேண்டாம். பிரிட்ஜ்டு விஎம் அலுவலக நெட்வொர்க்கிலேயே நேரடியாகச் சேர்ந்திருக்கும் என்பதால், பக்கத்து மேசைக்காரர்களுக்கும் உங்கள் விஎம் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். தனி உள் நெட்வொர்க் அமைத்துப் பழகுங்கள்.

ஸ்னாப்ஷாட்தான் பேக்கப் என்று நம்புவது

ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைக் குறித்துவைப்பது. அது விஎம் இருக்கும் டிஸ்கிலேயே இருந்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

கடிகாரம்

ஆக்டிவ் டைரக்டரியில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் விலகினால் கெர்பரோஸ் மறுக்கும். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்பு கடிகாரத்தைப் பாருங்கள்.

தொலைவிலிருந்து தன்னைத்தானே பூட்டிக்கொள்வது

எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, எஸ்எஸ்எச்சின் போர்ட்டான 22-ஐ அனுமதிக்காமல் ஃபயர்வாலை ஆன் செய்வது பிரசித்தம். அதைவிட நுணுக்கமானது, எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழையோடு சேவையை மறுதொடக்கம் செய்வது. எஸ்எஸ்எச் சேவையின் நிரலான எஸ்எஸ்எச்டியை 'மைனஸ் டி' (sshd -t) என்று ஓட்டினால் கோப்பைச் சரிபார்த்துச் சொல்லிவிடும். அது சரியென்றாலும், திறந்திருக்கும் விண்டோவை மூடாமல் இரண்டாவது விண்டோவில் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள். சேவையை மறுதொடக்கம் செய்வது ஏற்கெனவே உள்ள இணைப்பைப் பொதுவாகத் துண்டிக்காது.

உபுண்டு சர்வரில் ஐபி முகவரியை மாற்றும்போது 'நெட்பிளான் அப்ளை' என்று அடிப்பதற்குப் பதில் 'நெட்பிளான் ட்ரை' என்று அடியுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.