மியூசியத்தில் ஆபீஸ் விழாவா?
சென்னை பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா மியூசியத்தில் கம்பெனி விழா வைக்கிறீர்களா? தெர்மாகோல் தூணும் ஃப்ளெக்ஸ் பேனரும் எதற்கு? பெயர்த்தெடுத்து வந்து மறுபடி கட்டிய செட்டிநாட்டு வீடே அங்கே நிற்கிறது. முற்றத்தில் வரவேற்பு, திண்ணையில் சின்னச் சின்னக் குழுப் பேச்சு என்று பிரித்துவிடுங்கள். மேடைப் பேச்சைச் சீக்கிரம் முடித்து, மியூசியத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, பானை செய்ய ஆளுக்குக் கொஞ்சம் களிமண் கொடுங்கள். எம்.டி. கையில் பானை கோணிக்கொண்டு போகும்போதுதான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும்!

நீர்வண்ண ஓவியமும் பழந்துணியும் உள்ள கேலரி என்றால் கவனம். அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே வழக்கமான வரம்பு. ஃபோகஸ் லைட், புகை மெஷின், குத்துவிளக்கு, ஏன், பூ அலங்காரம்கூட (பூச்சி வரும்) காப்பாட்சியரிடம் கேட்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். சாப்பாட்டுப் பந்தி வெளியே மட்டும்.