ஷார்ட்ஸ்டாப் நிற்கும் பிள்ளைகள் ஓஸி ஸ்மித்தை எப்படிப் படிக்க வேண்டும்

பள்ளி சாப்ட்பால் அணியில் உங்களை ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் (ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) நடுவில், நிற்கச் சொல்லிவிட்டார்களா? சரி, அப்படியென்றால் பந்தைத் திடலுக்கு வெளியே பறக்க அடிக்கும் ஹோம் ரன் வீடியோக்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு அமெரிக்க பேஸ்பால் ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித்தின் ஆட்ட வாழ்க்கையை எடுத்துப் படியுங்கள். 1978இல் சான் டியேகோ பாட்ரேஸ் அணியில் தொடங்கி, 1982இலிருந்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு ஆடி, 1996இல் ஓய்வு பெற்றவர். மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டப்புறத் திடலில் ஆடும் பிள்ளைக்கு இவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பேன்.

அவருடைய எண்களைப் பார்க்கும்போது பேட்டிங் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். 19 பருவங்களில் மொத்தமே 28 ஹோம் ரன்தான், 1979இல் சராசரி .211, அதாவது ஐந்து தடவை மட்டை பிடித்தால் ஏறக்குறைய ஒரு தடவைதான் ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது). முதலில் அசிஸ்ட் கணக்கைப் பாருங்கள். பந்தைத் தடுத்து எறிந்து, இன்னொருவர் ஆளை அவுட் ஆக்க வழி செய்தால் அது அசிஸ்ட். 1980 ஒரே பருவத்தில் 621! ஷார்ட்ஸ்டாப்களில் அதுதான் சாதனை. அந்த வருடம் தொடங்கி 1992 வரை 13 வருடம் விடாமல், சிறப்பாகப் பந்து தடுப்பவர்களுக்குத் தரும் கோல்ட் குளோவ் விருது வாங்கினார். எரர் (பிடிக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிடுவது போன்ற தவறு) எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள், ஏனென்றால் பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவன் கணக்கில் எரர் ஏறாது, விழுந்தடித்து ஓடிப்போய்க் கை வைத்தவன் கணக்கில்தான் ஏறும். பள்ளி ஆட்டங்களில் இப்படித் திட்டு வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அப்புறம் 1978 ஏப்ரலில் எதிரணி ஆட்டக்காரர் ஜெஃப் பரோஸ் அடித்த பந்தை அவர் பிடிக்கும் காட்சியைத் தேடி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இடப்பக்கம் பாய்கிறார், பந்து தரையில் பட்டு எதிர்பாராத திசையில், அவர் முதுகுப் பக்கமாக எகிறுகிறது, காற்றில் இருக்கும்போதே வெறும் வலது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்து, எழுந்து முதல் பேஸுக்கு எறிகிறார். கல்லும் குழியுமான நம் செம்மண் திடலில் பந்து எகிறுவதும் இப்படித்தான், அதனால் கடைசி நொடி வரை கண் பந்தைவிட்டு நகரக் கூடாது.

லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த இவர், சின்ன வயதில் வீட்டுக் கூரைக்கு மேலே பந்தை எறிந்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்ப்பாராம். உங்களுக்கு ஒரு சுவரும் டென்னிஸ் பந்தும் போதும். பழைய சிலிப்பர் ஒன்றை, அடிப்பக்கம் வெளியே தெரியும்படி இடது உள்ளங்கையில் துணியால் கட்டிக்கொள்ளுங்கள் (இடக்கையால் எறிபவர்கள் வலது கையில்). சுவரில் பட்டுத் திரும்பும் பந்து சிலிப்பரில் தங்காது, அதனால் மற்றக் கை தானாகவே மேலே வந்து மூடும். நமக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான். முழங்காலை மடக்கி, பந்து வருவதற்கு முன்பே கையைத் தரையில் வைத்துவிடுங்கள். மேலேயிருந்து கீழே கொண்டுபோவதற்குள் பந்து காலுக்கு நடுவில் போய்விடும். லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சுவரில் அடிப்பதாக இருந்தால் சாயங்காலம் அடியுங்கள், விடியற்காலை ரப்பர் பால்மரம் வெட்டப் போய் வந்தவர்கள் மதியம் தூங்குவார்கள்.

பேட்டிங் வரவில்லையே என்று கவலைப்படுபவர்கள் 1987ஐப் பாருங்கள். ஒரு ஹோம் ரன்கூட இல்லாமல் சராசரியை .303க்கு உயர்த்தி, 75 ஓட்டங்களுக்கு வழி செய்தார். அதுவும் பாட்ரேஸில் ஆடிய முதல் பருவத்திலிருந்து ஒன்பது வருடம் கழித்து.

அவர் எறிவதை மட்டும் அப்படியே காப்பியடிக்காதீர்கள். பேஸ்பாலில் பேஸ்களுக்கு நடுவே 90 அடி, சாப்ட்பாலில் 60 அடிதான், ஓடுகிறவர் சீக்கிரமே வந்துவிடுவார். அதனால் பிடித்ததும் கையைப் பெரிதாகச் சுழற்றாமல், காதுப் பக்கத்திலிருந்தே சட்டென்று எறியப் பழகுங்கள். சிலிப்பரோடு கை பழகியதும் கிளவ்ஸ் போட்டு 12 அங்குலச் சுற்றளவுள்ள சாப்ட்பால் பந்துக்கு மாறலாம், முதல் வாரம் யாராவது கையால் உருட்டிவிட்டாலே போதும்.