பூஸ்டரை எடுக்கும் முன் பெல்ட் எங்கே படிகிறது என்று பாருங்கள்

என் மகள் எட்டாவது பிறந்தநாளன்று காரில் ஏறியதும் பூஸ்டரை, அதாவது பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் துணை இருக்கையை, ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, "எனக்கு எட்டு வயசாயிடுச்சும்மா, இனிமே இது வேண்டாம்" என்றாள். வகுப்பில் யாருமே இதில் உட்காருவதில்லையாம். நான் வாதாடவில்லை. "சரி, பெல்ட்டை மட்டும் போட்டுக்கிட்டு உட்காரு, பார்க்கலாம்" என்றேன். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றிருந்தது. மேல் பெல்ட் கழுத்தை உரசியதும் அவள் அதைத் தன்னையறியாமல் எடுத்து அக்குளுக்கு அடியில் விட்டுக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் உடம்பு முன்னால் சறுக்கி, கீழ் பெல்ட் தொப்புளுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் மூன்றரை வருடம் அவள் பூஸ்டரில்தான் உட்கார்ந்தாள்.

கார் பெல்ட் பெரியவர்களின் உடம்புக்காகச் செய்யப்பட்டது. அது நம்மைத் தாங்கிப் பிடிப்பது எலும்பில். மேலே தோளும் நெஞ்செலும்பும், கீழே இடுப்பெலும்பு. உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். கீழ் பெல்ட் வயிற்றுக்கு ஏறாமல் தடுப்பது அந்த முனைதான். சிறுவயதில் அது இன்னும் சரியாக உருவாகியிருக்காது. ஏறக்குறைய பத்து வயது வாக்கில்தான் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வளரும். அதற்கு முன்னால் வண்டி எதன்மீதாவது மோதினால் பெல்ட் வழுக்கி வயிற்றில் ஏறிவிடும். வயிற்றில் தாங்க எலும்பு இல்லை. குடல், கல்லீரல், மண்ணீரல் எல்லாம் அந்த அழுத்தத்தை நேராக வாங்கும். உடம்பு பெல்ட்டின் மேல் மடங்குவதால் கீழ் முதுகெலும்பும் உடையலாம். இந்தக் காயங்கள் சேர்ந்து வருவதற்கு 'சீட் பெல்ட் சிண்ட்ரோம்' என்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது.

பூஸ்டரின் வேலை எளிமையானது. குழந்தையைச் சற்று உயர்த்தி, பெல்ட் எலும்பின் மேல் படியும்படி செய்கிறது. நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வெறும் பெல்ட்டைவிட பூஸ்டரில் பலத்த காயத்துக்கான வாய்ப்பு 45 விழுக்காடு குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

இனி, பூஸ்டர் இல்லாமல் உட்காரலாமா என்று பார்க்கும் சோதனைக்கு வருவோம். இதை நிற்கும் வண்டியில், பின்சீட்டில், அவசரமில்லாத ஒரு நேரத்தில் செய்யுங்கள். குழந்தை முதுகையும் பிட்டத்தையும் சீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டி உட்காரட்டும். முதலில் முழங்காலைப் பாருங்கள். அது சீட்டின் விளிம்பில் இயல்பாக மடங்கி, பாதம் தரையில் பட வேண்டும். மடங்காவிட்டால் கால் நீட்டியபடியே நிற்கும். அது வலிக்கும், குழந்தை முன்னால் சறுக்கும், பெல்ட் மேலே ஏறும். மற்ற தவறுகள் பலவும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன. அடுத்து கீழ் பெல்ட்: தொடையின் மேல்பகுதியை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. மேல் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே வந்து நெஞ்சின் நடுவில் இறங்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியாக ஒன்று உண்டு, என் மகள் இதில்தான் இரண்டு முறை தவறினாள். பயணம் முழுவதும் அப்படியே உட்கார முடிகிறதா? பத்தாவது வயதில் வாசலில் உட்காரும்போது எல்லாம் பொருந்தியது. நாற்பது நிமிடப் பயணத்தில் திரும்பிப் பார்த்தால் தூங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெல்ட் தோளைவிட்டு நழுவியிருந்தது. அன்றே பூஸ்டர் திரும்பி வந்தது. ஒரு வாரம் பல பயணங்களில் கவனித்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த உயரம் வரை பூஸ்டர் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஏறக்குறைய 145 செ.மீ. என்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் 8 வயதிலிருந்து 12 வயதுக்குள் இதை எட்டுவார்கள். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதி 150 செ.மீ. என்கிறது, ஆனால் உறுப்பு நாடுகள் 135 என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை வேறுபாடு இருப்பதிலிருந்தே தெரிகிறது, சட்டம் சொல்வது குறைந்தபட்ச எல்லை. நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தைக் கட்டாயம் பின்பற்றுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ஏனென்றால் என் மகனுக்கு இப்போது 11 வயது, சரியாக 145 செ.மீ. அக்கா தேறியபோது அவளும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். ஆனால் அவளுக்குக் கால் நீளம், இவனுக்கு உடம்பு நீளம். எங்கள் காரின் பின்சீட் ஆழமானது. இவன் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் விளிம்பை எட்டுவதில்லை. அவன் சித்தப்பாவின் காரில் சீட் குட்டை, அங்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் அந்த வண்டியில் பூஸ்டர் இல்லாமல் போகிறான், எங்கள் வண்டியில் பூஸ்டரோடு. ஒவ்வொரு வண்டியிலும், ஒவ்வொரு இருக்கையிலும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். நடு இருக்கையில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்தால் அங்கே பூஸ்டர் வைக்கக் கூடாது. பூஸ்டருக்கு மேல் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும்.

பூஸ்டருக்கு முந்தைய படிகளிலும் அவசரம் வேண்டாம். பின்நோக்கிய சீட்டில் (வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தும் குழந்தை சீட்டில்) கைக்குழந்தையை அந்தச் சீட்டின் எடை, உயர வரம்பு வரை வைத்திருங்கள். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிடத் தலை கனம், கழுத்து பலவீனம். மோதலின் வேகத்தைப் பின்நோக்கிய சீட்டின் முதுகு முழுவதும் பரப்பி வாங்கிக்கொள்ளும். கால் மடங்கியிருக்கிறதே என்று பெற்றோர் கவலைப்படுவார்கள், அது பரவாயில்லை. ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் மட்டும் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அடுத்து முன்னோக்கிய சீட்டின் பட்டைகளையும் அதன் வரம்பு வரை பயன்படுத்திவிட்டே பூஸ்டருக்கு மாற்றுங்கள்.

முதுகுள்ள பூஸ்டரா, வெறும் மேடையா? ஐரோப்பாவில் இப்போது புதிதாக ஒப்புதல் பெறும் முதுகில்லாத பூஸ்டர்கள் 125 செ.மீ. தாண்டியவர்களுக்கு மட்டும்தான். தூங்கும் பிள்ளையை முதுகுள்ளது சாயாமல் பிடித்துக்கொள்ளும். முடிந்தவரை அதையே வையுங்கள் என்பேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கத் தனியாக விற்கும் கிளிப், பட்டை போன்றவற்றை வாங்காதீர்கள். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் போடவும் விடாதீர்கள். அப்படிப் போட்டால் மேல் உடம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

வெட்கப்படும் பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள், சோதனையையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். என் மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே உட்கார்ந்து பார்த்து, "முழங்கால் இன்னும் வரலம்மா" என்று சொல்வாள். அப்புறம் சண்டையே இல்லை. நண்பர்கள் வீட்டு வண்டியில் போகும்போது, கேட்கக் கூச்சமாக இருந்தாலும், பூஸ்டரைக் கையில் கொடுத்தே அனுப்பினேன்.

பூஸ்டர் போன பிறகும் 13 வயது வரை பின்சீட்தான். முன்சீட் ஏர்பேக் பெரியவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. வேறு வழியே இல்லாமல் முன்னால் உட்கார வைத்தால் இருக்கையை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

குழந்தை சீட்டில் பெரும்பாலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அது தாண்டியதையும், விபத்தில் சிக்கியதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். என் மகளின் பழைய கார் சீட்டைத் தேதி முடிந்ததும் வீசினேன். வீசும் முன் பட்டைகளைக் கத்தரியால் வெட்டி, 'பயன்படுத்தக் கூடாது' என்று மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்தேன்.