பெயரை விடுங்கள், வீட்டைப் பிடியுங்கள்: பழைய முகவரி வழியாகக் குடும்ப வரலாறு தேடுவது எப்படி?

நம்ம ஊரில் குடும்ப வரலாறு தேட உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயரில்தான் கை வைப்பார்கள், சீக்கிரமே சலித்தும் போவார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே தெருவில் நாலு சுப்பராயன் இருப்பார்கள். வீடு அவ்வளவு சுலபமாக மாறாது. அதனால் முகவரியைப் பின்தொடருங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வழி கூடுதலாகவே கைகொடுக்கும், ஏனென்று கீழே சொல்கிறேன்.

முதல் வேலை பரணில். கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், பத்திர நகல், சைகோனில் வேலைக்குப் போன தாத்தா இருந்தால் அவர் போட்ட கடித உறை, எதுவாக இருந்தாலும் அதிலுள்ள முகவரியை அப்படியே எழுத்து மாற்றாமல் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். எனக்குப் பிடித்தது கல்யாணப் பத்திரிகைதான். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தேதி, மூன்றும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

அடுத்து, அந்தப் பழைய தெரு இன்று எது என்று கண்டுபிடிக்க வேண்டும். துய்ப்ளேக்ஸ் வீதி என்று இருந்தால் அது இன்றைய நேரு வீதி. புஸ்ஸி வீதி காகிதத்தில் லால் பகதூர் சாஸ்திரி வீதி ஆகிவிட்டது, ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்றாலே போதும். ஊரைச் சுற்றிய புல்வார்களில் (பிரெஞ்சுக்காரர்கள் போட்ட அகலச் சாலைகள்) மேற்கே இருந்தது இன்றைய அண்ணா சாலை, வடக்கே இருந்தது படேல் சாலை, தெற்கே இருந்தது சுப்பையா சாலை. சில வீதிக்கு ஒரே சமயத்தில் இரண்டு பெயர்: வைசியாள் வீதியும் கல்வே சுப்புராய செட்டி வீதியும் ஒன்றுதான். இது தெரியாமல் தேடினால் குடும்பம் வீடு மாறிவிட்டது என்று தப்புக் கணக்குப் போடுவீர்கள். கடலூர்ப் பக்கம் என்றால் ஊர்ப் பெயரையே கவனிக்க வேண்டும். 1993 வரை அது தென்னாற்காடு மாவட்டம், பழைய ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் இருக்கும், 'ஓ.டி.' (ஓல்டு டவுன்) என்று எழுதியிருந்தால் கடலூர் முதுநகர்.

கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பழைய எண், புதிய எண் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், ஒரே வீட்டைப் பாகம் பிரித்தால் எண்ணும் பிரியும். பத்திரம் இருந்தால் கதாஸ்தர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நில அளவை எண் அது. அதைவிட ருசியானது செக்குபந்தி. 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு' என்று நாலு எல்லையும் எழுதியிருப்பார்களே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல குடும்பங்களில் அண்ணன் தம்பிகளாகவே இருப்பார்கள், ஏனென்றால் பாகப்பிரிவினையில் சுவர் எழும்பிய வீடுகள் அவை. எல்லைக்காரர் பெயர்களைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்தார்கள் (கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு மறுபடி கட்டினார்களே, அதே மேரிதான்). பிறப்புப் பதிவு என்றால் குழந்தையின் பெயரோடு நிற்காது: தகவல் சொன்னவர் யார், அவர் வயது என்ன, என்ன தொழில், எங்கே குடியிருக்கிறார், சாட்சிகள் யார் என்று ஒரு பத்தியே இருக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் அல்லது மாமன் மச்சான். 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளின் படங்களை பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இந்தியப் பகுதிக்குள் போய், கொம்யூனையும் (நகராட்சி மாதிரியான பிரெஞ்சு நிர்வாகப் பிரிவு) ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். 1880இலிருந்து உழவர்கரை, வில்லியனூர், பாகூர் எல்லாம் தனித்தனிக் கொம்யூன்கள், உழவர்கரையைச் சேர்ந்த ரெட்டியார்பாளையத்துக் குடும்பத்தைப் புதுச்சேரிப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. பெயர்களை பிரெஞ்சு உச்சரிப்புக்கு எழுதியிருப்பார்கள், முத்துவில் வரும் உகரத்துக்கு 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து போட்டிருக்கும், அதையும் யோசித்துத் தேடுங்கள். கையெழுத்து முதலில் பயமுறுத்தும். எல்லாப் பதிவும் ஒரே வாசகத்தில்தான் எழுதப்பட்டிருக்கும் என்பதால் பத்துப் பக்கம் பார்த்தால் கண் பழகிவிடும்.

ஒரு தலைமுறையில் மூத்த பிள்ளையின் பதிவு மட்டும் கிடைக்கவில்லையா? பதற வேண்டாம், தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடந்திருக்கும். அம்மா மஞ்சக்குப்பமோ திருப்பாதிரிப்புலியூரோ என்றால் அந்தப் பிறப்பு கடலூர் நகராட்சிக் கணக்கில் (இன்று மாநகராட்சி) போயிருக்கும். பிரிட்டிஷ் பக்கத்துப் பழைய பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்' என்று மட்டும் இருப்பது சகஜம், அங்கே அப்பா பெயரும் தெருவும்தான் அடையாளம். கல்யாணப் பத்திரிகையில் கிடைத்த பெண் வீட்டு முகவரி இந்த இடத்தில்தான் உதவும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சம்பா கோவில் மாதிரியான பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள். சமீபத்திய தலைமுறைக்கு 2002 வாக்காளர் பட்டியலே போதும். ஒரே வீட்டு எண்ணில் யார் யார் இருந்தார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

எல்லாம் சேர்ந்தபின் ஒரு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, ஆவணத்தில் உள்ளபடி முகவரி, இன்றைய பெயர், அந்த வீட்டில் இருந்தவர்கள், தகவல் எங்கே கிடைத்தது. பெரியம்மா வாயால் சொன்னதற்கும் பதிவேட்டில் பார்த்ததற்கும் வேறு வேறு நிற மை போடுவது நல்லது, பெரியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த வீட்டை நேரில் பார்க்கப் போவீர்கள், போகாமல் இருக்க முடியாது. சாயங்காலம் திண்ணையில் ஆள் உட்காரும் நேரமாகப் பார்த்துப் போங்கள், முதலில் எதிர்வீட்டில் விசாரியுங்கள், பத்திர நகலைக் கையில் விரித்துக்கொண்டு போகாதீர்கள். கதவு திறந்ததும் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக "சொத்து விஷயமா வரலைங்க" என்று சொல்லிவிடுங்கள், காபி வரும் வாய்ப்பு அதற்குப் பிறகுதான்.