நர்சிங் இல்லங்களில் எடைக் குறைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

அமெரிக்க நர்சிங் இல்லங்களில் (முதியோரும் நோயாளிகளும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடங்கள்) புதிதாகச் சேர்பவரை அன்றே தராசில் நிறுத்துங்கள். மருத்துவமனைச் சீட்டிலுள்ள எடையை அப்படியே பதியாதீர்கள். முதல் நான்கு வாரம் வாராவாரம், பிறகு மாதாமாதம், அதே தராசில், காலை உணவுக்கு முன். சக்கர நாற்காலியோடு நிறுத்தினால் அதன் எடையைக் கழிக்க வேண்டும். ஒருநாள் கால்தாங்கியோடும் மறுநாள் இல்லாமலும் நிறுத்தினால் கணக்கே கெட்டுவிடும், இது அடிக்கடி நடக்கிறது.

ஒரு மாதத்தில் 5%, மூன்று மாதத்தில் 7.5%, ஆறு மாதத்தில் 10% குறைந்தால் மருத்துவருக்கும் உணவியலாளருக்கும் உடனே சொல்லுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு மாதம் 3 கிலோ. கால் வீங்கியிருந்தால் தராசு காட்டும் எடையை நம்பாதீர்கள். உடம்பில் தேங்கிய நீர் தசை கரைவதை மறைத்துவிடும்.

சத்துபானம் எழுதுமுன் வாயைத் திறந்து பாருங்கள்: தளர்ந்த பல்செட், வாய்ப்புண். விழுங்கும்போது இருமினால் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரைக் கூப்பிடுங்கள். உப்பு, சர்க்கரைப் பத்தியத்தைத் தளர்த்த முடியுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்; சப்பென்ற சாப்பாட்டை யார் சாப்பிடுவார்?

சாப்பாட்டோடு கொடுத்த சத்துபானம் பசியைக் கெடுக்கும். அதற்குப் பதில் மாத்திரை கொடுக்கும்போது, மி.லி.க்கு 2 கலோரி உள்ள பானத்தை 60 மி.லி. வீதம் நான்கு வேளை கொடுத்தால் 480 கலோரி சேரும்.

பதிவேட்டில் ‘தட்டில் இருந்ததில் 50% சாப்பிட்டார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ரொட்டியும் காபியும் போய், முட்டை அப்படியே இருந்திருக்கும்.